ஏலம் விடும் இடத்திலும் ஒட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல் வழியாகத் தீவிரவாதிகள் நுழைந்தால் தடுப்பதற்காகக் கடலூர் கடற்கரையில் நடந்த ‘சாகர் கவாச்’ ஒத்திகை பற்றிய செய்தியையும் படத்தையும் பார்த்தேன். போலீசார், படகுக்காரர்கள், ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் நிற்கிறார்கள். பெண் ஒருத்தியைக்கூடக் காணோம்.

தீவிரவாதம் ஆண்கள் சமாச்சாரம் என்று தமிழ்நாட்டில் இருந்துகொண்டா நினைப்பது? 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொல்லச் சந்தன மாலையோடு காத்திருந்த தணு ஒரு பெண். பெண் மீது அவ்வளவாகச் சந்தேகம் விழாது என்பது அனுப்பியவர்கள் போட்ட கணக்கு. அப்படியும் அவரைத் தடுத்துப் பார்த்தவர் சப்-இன்ஸ்பெக்டர் அனுசுயா. விடச் சொன்னது ராஜீவ் காந்தியேதான். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு தெமட்டகொடையில் ஒரு வீட்டைச் சோதனை போடப் போன போலீசார் மூவர் இறந்ததும் அந்த வீட்டுப் பெண் வெடிக்கவைத்த குண்டில். பெற்ற பிள்ளைகளையும் சேர்த்தே கொன்றாள்.

2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றத்துக்குள் புகுந்தவர்களைக் கண்டு குரல் கொடுத்த சி.ஆர்.பி.எஃப். காவலர் கமலேஷ் குமாரியின் கையில் வாக்கி-டாக்கி மட்டும்தான் இருந்தது. செத்த பிறகு அசோக சக்ரா கொடுத்தார்கள். துப்பாக்கியை முன்னாடியே கொடுத்திருக்கலாம்.

எங்கள் ஊருக்கு வருகிறேன். விடியற்காலையில் படகு கரையேறும்போது மணலில் அன்னக்கூடையோடு காத்திருப்பது பெண்கள். இஞ்சின் சத்தத்தை வைத்தே யார் படகு என்று என் மாமியார் சொல்லிவிடுவார். தெரியாத முகம் ஒன்று இறங்கினால் ஏலத்தை நிறுத்திவிட்டு, “எந்த ஊருப்பா நீ?” என்று கேட்பார்கள். 2008-இல் மும்பை மீனவர் குடியிருப்பில் கசாப் கூட்டாளிகள் கரையேறியபோதும் அங்கிருந்த சனங்கள் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். கேட்டதை உடனே யாரிடம் சொல்வது என்பதில்தான் சிக்கல்.

கடலோரப் பாதுகாப்புக்கான 1093 என்ற எண்ணை இங்கே வலை பின்னும் கூடத்தின் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே உட்காருவது ஆண்கள். ஏலம் விடும் இடத்தில் ஒரு நோட்டீஸ்கூட இல்லை. அப்புறம், சந்தேகப்படும்படி வந்து இறங்குவது பெண்ணாக இருந்தால் உடம்பைச் சோதிக்கப் பெண் போலீஸ்தான் வேண்டும், சட்டமே அப்படி. ரோந்துப் படகில் எத்தனை பெண் போலீசார் இருக்கிறார்கள் என்று உங்கள் நிருபர் விசாரித்து எழுதலாம்.

அடுத்த விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் பெண்களையும் கூப்பிடுங்கள். காலையில் வைத்தால் ஒருத்தியும் வர மாட்டாள், மீனை விற்றாக வேண்டும். மதியம் மூன்று மணிக்கு மேல் வைத்தால் சரி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவனாம்பட்டினம், கடலூர்