நிலாவெளிக்கு வரும் தம்பதிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கலியாணம் முடித்த கையோடு மகளும் மருமகனும் மாலைதீவுக்குக் கணக்குப் பார்த்தார்கள். திருகோணமலைக்குப் பக்கத்திலேயே நிலாவெளிக் கடற்கரை இருக்க அது எதற்கு என்றேன். மே முதல் செப்டெம்பர் வரை இங்கே கடல் குளம்போல் கிடக்கும். புறாத்தீவுக்குக் காலையிலேயே படகேறினால், கூட்டம் சேருமுன் பவளப்பாறைகளை ஆற அமரப் பார்க்கலாம். ஹலால் சாப்பாடா? டவுனிலும் கிண்ணியாவிலும் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் அவர்கள் தங்கிய விடுதியில் தொழுகைக்கு முகம் நோக்க வேண்டிய கிப்லா திசை எந்தப் பக்கம் என்று சொல்ல ஆளில்லை. சாப்பாட்டு மேசையை ஒட்டியே பார் வேறு! பர்தா அணியும் பெண் நீந்த ஒரு மறைப்பும் கிடையாது. அறைக் கூரையில் ஓர் அம்புக்குறி, நீச்சல் குளத்தில் பெண்களுக்கென்று தினமும் ஒரு மணி நேரம். இதற்கு என்ன பெரிய செலவு? அடுத்த சீசனுக்குள் விடுதிக்காரர்கள் செய்யட்டும்.

வாசகி,
கிண்ணியா