பரண் மேல் இருப்பதைப் பற்றி

நிஷிகசாய், டோக்கியோ
டிசம்பர், ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மா,

போனில் நீ அழுததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பரணைக் காலி பண்ணச் சொல்லி அண்ணன் கத்தியது தப்பு, நீ சேர்த்து வைத்ததைக் குப்பை என்று சொன்னது அதைவிடத் தப்பு. வீடியோ காலில் இதைப் பேசினால் நடுவில் அவன் வந்து நிற்பான், அதனால்தான் கடிதம். நிதானமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு படி.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நானும் உன்னை மாதிரிதான். போன மாதம் ஒரு ராத்திரி இங்கே நிலம் ஆடியது என்று சொன்னேன் இல்லையா, ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னது முழு உண்மை இல்லை. அலமாரிக்கு மேல் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் மொத்தமும் சரிந்து, நான் படுத்திருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தன. விளக்கைப் போட்டுப் பார்த்தால் உள்ளே இருந்தது என்ன தெரியுமா? காலி ஊறுகாய் பாட்டில்கள், 2020 ஜூலையில் கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்க ஆரம்பித்ததிலிருந்து நான் மடித்து மடித்துச் சேர்த்த பைகள், மூன்று பழைய போன்களின் சார்ஜர், உடைந்த குடை, நீ ஒவ்வொரு தடவையும் பொடி கட்டிக் கொடுத்த கவர்கள் (கழுவிக் காயவைத்தது). நடுராத்திரியில் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தேன், அப்புறம் கொஞ்சம் அழுதேன்.

சரி, தூக்கிப் போடலாம் என்று பார்த்தால் இந்த ஊரில் அது லேசில் நடக்காது. நம் தெருவில் பழைய பேப்பர்காரர் குரல் கொடுத்துக்கொண்டு வருவார், எடை போட்டு நமக்குக் காசு தருவார். இங்கே பெரிய சாமான் என்றால் நாம்தான் காசு கொடுக்க வேண்டும். எரிகிற குப்பைக்கு ஒரு கிழமை, எரியாததற்கு ஒரு கிழமை, பாட்டிலுக்கும் பேப்பருக்கும் இன்னொரு கிழமை. எந்தப் பக்கமாவது 30 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அது பெரிய குப்பை, 'சோதாய் கோமி'. அதற்கு முன்பதிவு செய்து, கடையில் 200 யென், 300 யென் என்று ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி, சொன்ன நாள் காலையில் வாசலில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ், டிவி, வாஷிங்மெஷின், ஏசி எல்லாம் அதிலும் சேராது. 2001 முதல் அவற்றுக்குத் தனிச் சட்டம், தனிக் கட்டணம். என் ஓட்டை மேஜைக்கு நாள் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் ஸ்டிக்கர் ஒட்டிய மேஜையைப் பார்த்துப் பார்த்து, இதை ஏன் வாங்கினேன் என்று யோசித்ததில் வந்த புத்தி வேறு எதிலும் வரவில்லை.

ஒரு விஷயம் மட்டும் கையை நகர்த்தவே விடவில்லை. சாமி படங்கள். நீ அனுப்பிய காலண்டர்கள், கல்யாணப் பத்திரிகைகளில் இருக்கிற பிள்ளையார், எந்தக் கோயிலுடையது என்றே தெரியாத விபூதிப் பொட்டலங்கள். என் பூஜை அலமாரியில் பதினான்கு படம் இருந்தது அம்மா, ஆனால் விளக்கேற்றி எத்தனை நாள் ஆகியிருந்தது என்று கேட்காதே.

இதைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானியத்தில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் டோக்கியோவுக்குப் பக்கத்தில் இருக்கிற கமாகுராவுக்குக் கூட்டிக்கொண்டு போனார், எங்காகுஜி என்று ஒரு ஸென் பௌத்தக் கோயில். 1282இல் கட்டியது, மங்கோலியர்களோடு நடந்த சண்டையில் செத்த இரண்டு பக்கத்து ஆட்களுக்காகவும் என்று சொன்னார், எதிரிக்கும் சேர்த்து. அங்கே சும்மா உட்கார வைத்தார்கள், மந்திரம் இல்லை, ஒன்றும் இல்லை. பத்து நிமிஷத்தில் கால் மரத்துப் போய்விட்டது. எனக்குப் பிடித்தது உட்கார்ந்தது இல்லை, கூட்டிப் பெருக்குவது. கூட்டுவதும் துடைப்பதும் அங்கே தியானத்துக்கு முந்தைய எடுபிடி வேலை இல்லையாம், அதுவே தியானம்தானாம், 'சாமு' என்று பேர்.

உடனே எனக்கு அப்பர்தான் ஞாபகம் வந்தார். நீதானே சொல்லியிருக்கிறாய், திருப்புகலூர்க் கோயிலில் அவர் உழவாரத்தால் புல் செதுக்கிச் சுத்தம் செய்யும்போது தரையில் பொன்னும் மணியும் மின்ன, அதையும் கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்தார் என்று. அந்தக் கதை சொல்லிவிட்டு அதே மூச்சில் தாம்பூலப் பையை மடித்துப் பீரோவில் வைப்பாய்!

கோபப்படாதே. உன்னுடையது வியாதி இல்லை. இப்படிச் சேர்ப்பது சிலருக்கு வியாதியாகவே ஆகிவிடுவதும் உண்டு, 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் அதைத் தனி நோயாகவே பட்டியலில் சேர்த்தார்கள். ஒன்றுக்கும் உதவாததைக்கூட விட முடியாத தவிப்பு, அடுப்படியில் சமைக்க முடியாமல், கட்டிலில் படுக்க முடியாமல் வீடு நிறைந்துபோவது. இங்கேயும் அப்படி வீடுகள் உண்டு, 'கோமி யாஷிகி' என்பார்கள், பெரும்பாலும் தனியாக இருக்கிற வயசானவர்கள். அண்ணன் பயப்படுவது அதற்குத்தான் என்று நினைக்கிறேன், அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ரேஷன் வரிசையில் நின்று, கிழிந்த சட்டையில் எனக்குப் பாவாடை தைத்த கைக்கு எதையும் எறிய வராது. அது எனக்குத் தெரியும்.

இப்போது என் அலமாரியில் ஒரு முருகன், ஒரு விளக்கு. காலையில் அந்த இடத்தைத் துடைத்து, விளக்கேற்றி, ஒரே ஒரு பதிகம், பத்து நிமிஷம். மற்ற படங்களை எறியவில்லை, ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன், ஊருக்கு எடுத்து வந்து நம் காவிரியில்... சரி, காகிதத்தைக் காவிரியில் போடுவதும் தப்புதான். நீ சொல், என்ன செய்யலாம்?

போகிக்கு நான் அங்கே இருப்பேன், டிக்கெட் போட்டுவிட்டேன். அதுவரை பரணை யாரும் தொடக் கூடாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். நாம் இரண்டு பேரும் ஒவ்வொன்றாக இறக்குவோம், ஒவ்வொன்றுக்கும் நீ கதை சொல், எது போகணும் என்று நீயே சொல். அப்பாவின் தூக்குவாளி எங்கேயும் போகாது.

இன்னொன்று. பிப்ரவரி 8ஆம் தேதி இங்கே அசாகுசா கோயிலில் ஊசிகளுக்கு ஒரு பூஜை. வருஷமெல்லாம் உழைத்து உடைந்த ஊசிகளைக் கொண்டுபோய், மெத்தென்ற டோஃபுவில் (சோயா பால்கட்டி) குத்தி வைக்கிறார்கள், கடைசியாக மென்மையான இடத்தில் ஓய்வெடுக்கட்டும் என்று. போன வருஷம் பார்த்தபோது உன் தையல் மெஷின் டிராயர்தான் கண்ணில் நின்றது. அதில் கிடக்கிற உடைந்த ஊசிகளை எல்லாம் ஒரு பவுடர் டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கி மூடி வை. நான் எடுத்து வருகிறேன். பெரிய பெட்டியில்தான் போட வேண்டும், கைப்பையில் விடாமல் போகலாம்.

மாத்திரையை விடாதே.

உன் மகள்