புதுக்குடியிருப்பில் ஸ்ரூடியோ திறக்கப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

முல்லைத்தீவுப் பக்கம் புதுக்குடியிருப்பில் படம் எடுக்கிற ஸ்ரூடியோவுக்குக் கடை பார்த்திருக்கிறாய் என்று கேட்கச் சந்தோசம். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கலியாண வீட்டை நம்பிக் கடை திறக்காதே, முகப்படத்தை நம்பித் திற. கலியாணத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் ட்ரோனோடு வந்து எடுத்துக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களோடு விலையைக் குறைத்து நிற்கப் பார்த்தால் ஒரு வருடத்தில் களைத்துப்போவாய். முகப்படம் அப்படியில்லை. ஒரே வீட்டில் பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள், முதலாம் பிறந்தநாள், ஏடு தொடக்கல், சாமத்திய வீடு, அடையாள அட்டை, பட்டமளிப்பு, அம்மம்மாவுக்கு ஒரு படம் என்று வேலை வந்துகொண்டே இருக்கும். மனம் நிறைந்து போனவர்கள் அடுத்த தலைமுறையையும் உன்னிடம்தான் கூட்டிக்கொண்டு வருவார்கள். கலியாணம் வந்தால் எடு. அது இல்லாமலும் கடை நிற்க வேண்டும்.

விலையைப் பக்கத்துக் கடையின் பலகையைப் பார்த்துப் போடாதே, உன் செலவைப் பார்த்துப் போடு. உதாரணத்துக்கு ஒரு கணக்கு எழுதுகிறேன், உன் தொகைகளை வைத்து நீ திருப்பிப் போட்டுப் பார். வாடகை 20,000, கரன்டும் இன்டர்நெட்டும் 10,000, உதவிக்கு நிற்கிற பிள்ளைக்கு 35,000, போக்குவரத்து 15,000, திருத்தவேலைக்கு ஒதுக்குவது 10,000. கமரா, லென்ஸ், லைற், பிறின்ரர் எல்லாம் சேர்ந்து 960,000 ரூபா என்றால் நாலு வருடத்தில் அவற்றை மாற்ற வேண்டிவரும். 48 மாதத்தால் பிரித்தால் மாதம் 20,000. இதை எழுதாமல் விடுகிறவர்கள்தான் கமரா பழுதாகும் நாளில் கடனுக்குப் போகிறார்கள். உன் சம்பளம் 80,000. அதையும் செலவாகத்தான் எழுத வேண்டும். மொத்தம் 190,000.

நல்ல மாதத்தை வைத்து 16 வேலை வரும் என்று பிரித்தால், ஒரு வேலைக்கு 11,875 ரூபா போதும் போலத் தெரியும். ஆனால் ஆடியும் மார்கழியும் நாள் வைக்காத மாதங்கள், ஐப்பசி கார்த்திகையில் மழை. வருடம் முழுக்கப் பார்த்தால் 120 வேலைதான் வருகிறதென்று வை. 22 லட்சத்து 80 ஆயிரத்தை 120 ஆல் பிரித்தால் ஒன்றுக்கு 19,000. பேப்பரும் அல்பமும் இதற்கு மேலே. அடையாள அட்டைப் படம், பிறின்ற், பழைய படம் திருத்துதல் என்று கவுன்ரர் வேலையில் பேப்பர் செலவு போக மாதம் 60,000 கையில் நின்றால், அதே கணக்கு 13,000க்கு இறங்கும். சின்ன வேலை என்று கவுன்ரரை அலட்சியம் செய்யாதே என்று நான் சொல்வது இதனால்தான்.

காசு எப்போது சனத்தின் கையில் வரும் என்பதையும் பார்த்துக்கொள். காலபோக வெட்டு முடிந்து நெல் விற்கிற மாசி, பங்குனி, பிறகு சிறுபோகம் வெட்டுகிற ஆவணி, புரட்டாசி. பெரிய குடும்பப் படம், சுவருக்கு மாட்டுகிற பிரேம் எல்லாம் அப்போதுதான் கேட்பார்கள். மழை மாதத்தில் விலையைக் குறைத்து ஆள் பிடிக்காதே. குறைத்த விலைதான் ஊரில் உன் விலையாக நிற்கும். அந்த நாட்களைப் பழைய படங்களுக்கும் கமரா துப்புரவுக்கும் வை.

கமராவை லீசிங்கிலோ கிழமைக் கடனிலோ எடுக்காதே. கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடன், கிழமைக்குக் கிழமை வருமானம் வராத தொழிலுக்குப் பொருந்தாது. 24 மெகாபிக்சல் பழைய கமரா ஒன்று போதும். 6000க்கு 4000 பிக்சலில், அங்குலத்துக்கு 300 வீதம் 12×18 அல்பப் பக்கம் (3600×5400) தாராளமாக வரும். மிச்சக் காசை லைற்றிலும் லென்ஸிலும் போடு. முழுச் சென்சர் (படம் பதிகிற தகடு) கமரா என்றால் 85 மில்லிமீற்றர் லென்ஸ், சின்னச் சென்சர் என்றால் 50. ஆளுக்கும் கமராவுக்கும் ஆறடிக்குக் குறையக்கூடாது. கிட்ட நின்று எடுத்தால் மூக்குப் பெருத்துக் காது ஒடுங்கும். அது லென்ஸின் குற்றமில்லை, தூரத்தின் குற்றம்.

அறை பத்தடி அகலம், பதினாறு பதினெட்டடி நீளம் இருக்கட்டும். ஆளைப் பின்சீலையிலிருந்து ஐந்து ஆறடி முன்னுக்கு இருத்து, இல்லாவிட்டால் நிழல் பின்னால் விழும். சுவருக்குப் பச்சை, நீலம் அடித்திருந்தால் வெள்ளை அடிப்பி, அந்த நிறம் கன்னத்தில் ஏறும். தகரக் கூரை என்றால் சீலிங் அடிக்காமல் குடிபுகாதே, வியர்த்த முகத்தில் நெற்றியும் மூக்கும் மினுங்கும். மேசையில் முகம் துடைக்கிற ரிசுத் தாளும் பவுடரும் எப்போதும் இருக்கட்டும். வெளிச்சத்தை மென்மையாக்குகிற துணிப்பெட்டி லைற், அதுதான் சொப்ட்பொக்ஸ், மூன்றடியில் ஒன்றை முகத்துக்கு 45 பாகையில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே, மூன்று நாலடி தள்ளி வை. எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளை ரெஜிபோம் (பொதி கட்டுகிற பாரமில்லாத நுரை) பலகை. லைற்றை இரண்டு மடங்கு தூரத்துக்கு நகர்த்தினால் வெளிச்சம் காற்பங்குதான் வரும் என்பதை உதவிக்கு நிற்கிற பிள்ளைக்கும் சொல்லிக்கொடு. கமராவை ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/160 செக்கன், லென்ஸின் துளை எஃப் 5.6இல் வைத்துத் தொடங்கு. இரண்டு வரிசையில் ஆட்கள் நின்றால் எஃப் 8, இல்லாவிட்டால் பின்வரிசை மங்கும்.

வடக்கு யன்னலில் வெயில் விழாது என்று நீ படித்த புத்தகங்களில் இருக்கும். அது வடநாட்டுக் கணக்கு. நாங்கள் இருப்பது 9 பாகை வடக்கில். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் எங்கள் தலைக்கு நேரே வந்து, பிறகு ஆவணி நடுப்பகுதி வரைக்கும் வடக்குப் பக்கமாகத்தான் போகிறது. வைகாசி, ஆனியில் காலையும் பின்னேரமும் வடக்கு யன்னலால் வெயில் சாய்ந்து உள்ளே வரும். ஒரு மெல்லிய வெள்ளைச் சீலையை யன்னலுக்குத் தொங்கவிடு.

வெளியில் எடுப்பதென்றால் காலை எட்டு மணிக்கு முன், பின்னேரம் நாலரைக்குப் பின். மாமர நிழல் வடிவாகத் தெரியும், ஆனால் இலையால் வடிந்து வரும் வெளிச்சம் முகத்தில் பச்சை ஏற்றும். ஆளை நிழலின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, முகத்தைத் திறந்த வானத்தின் பக்கம் திருப்பு. செம்மண் வளவில் நிற்கவைத்தால் நாடிக்குக் கீழே சிவப்பு ஏறும். காலடியில் படத்துக்குள் வராதபடி ஒரு வெள்ளைத் துணி விரித்தால் அது போகும்.

எங்கள் ஆட்களின் நிறத்தை வெளிறவைக்காதே. “கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ” என்று கேட்பார்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுத்தால் மண்ணிறத் தோல் சாம்பல் பூத்துப்போகும், வேட்டியின் கரையும் நகையின் வேலைப்பாடும் அழிந்துபோகும். வேட்டியின் மடிப்புத் தெரிகிற அளவுக்கு எக்ஸ்போசரை வைத்து, நிழல் பக்கத்துக்கு ரெஜிபோமால் வெளிச்சம் கொடு. முகம் தெளியும், நிறம் நிற்கும், அவர்களும் திருப்திப்படுவார்கள். கூறைச்சேலைக்கு இன்னொரு பொறி இருக்கிறது. வெளிச்சத்தின் அளவைக் கமராத் திரையில் காட்டுகிற வரைபடம், அதாவது ஹிஸ்டோகிராம், மொத்தத்தில் சரியாகக் காட்டும்போதே சிவப்புச் சனல் மட்டும் வலது ஓரத்தில் முட்டி, சேலை மடிப்பே இல்லாத சிவப்புத் தகடாக வந்துவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து, எக்ஸ்போசரை ஒரு ஸ்ரொப்பில் மூன்றிலொரு பங்கு குறை. சண்டையில் காயப்பட்டுத் தழும்பு, பொய்க்கண், பொய்க்கால் உள்ளவர்கள் உன்னிடம் நிறையப் பேர் வருவார்கள். எந்தப் பக்கம் எடுக்க விருப்பம் என்று கேள். நீயாக எடிட்டில் எதையும் அழிக்காதே.

அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் அங்கீகரித்த ஸ்ரூடியோப் படத்தைத்தான் எடுப்பார்கள். ஆட்பதிவுத் திணைக்களத்திலும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலும் பதிவுக்குக் கடை திறக்க முன்னமே விண்ணப்பி. 35×45 மில்லிமீற்றர்ப் படம், 4×6 அங்குலத் தாளில் எட்டு அடங்கும். படம் திரும்பி வருவதற்குக் காரணங்கள் எப்போதும் இவைதான்: தலைக்குப் பின் நிழல், கண்ணாடியில் லைற் மினுக்கம், சாய்ந்த தலை, கண்ணை மறைக்கும் மயிர். படத்தை இன்டர்நெட்டில் ஏற்ற முன் பெயரையும் இலக்கத்தையும் ஆளுக்கு வாசித்துக் காட்டு. பாஸ்போட்டுக்கு வவுனியா வரைக்கும் போய், இலக்கம் பிழை என்று திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும், அதோடு உன் பெயரும் போய்விடும்.

இனிப் பழைய படங்கள். உன் கடையில் இதுதான் முக்கியமான வேலை என்று நான் நினைக்கிறேன். இடம்பெயர்ந்த வீடுகளில் அல்பம் தப்பியது அரிது. தப்பிய ஒன்றிரண்டு படங்கள் நனைந்து, கண்ணாடியோடு ஒட்டி, பூஞ்சணம் பிடித்துத்தான் உன்னிடம் வரும். கண்ணாடியோடு ஒட்டின படத்தைக் கிளப்பாதே, ஹெயார் ட்ரையரால் சூடும் காட்டாதே. முகம் இருக்கிற படலம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே படமெடு. இரண்டு லைற், இரு பக்கமும் 45 பாகையில். கமராவுக்கு முன் நடுவில் ஓட்டையிட்ட கறுப்புத் துணி, அப்போதுதான் உன் கமராவே கண்ணாடியில் விழாது. ஒட்டாத படத்தை 600 டிபிஐயில் ஸ்கான் செய், அடையாள அட்டை அளவுப் படத்தை 1200இல். 35×45 படம் 1200இல் சுமார் 1650×2125 பிக்சல் தரும். நல்ல பிறின்றுக்கு அது 5×7 வரைதான். 12×18 கேட்டால் 5×7ஐ அகலமான மவுண்டோடு (படத்தைச் சுற்றி வைக்கிற மட்டை) பெரிய பிரேமில் போட்டுக்கொடு, அதுதான் கண்ணுக்கும் நிறைவு.

ஏஐ அப்பில் போட்டால் ஒரு நிமிடத்தில் துலக்கமாக வரும். ஆனால் அது இல்லாத கண்ணையும் இமையையும் தானாகக் கீறும். வடிவான முகமாக இருக்கும், அந்த ஆளின் முகமாக இருக்காது, தாய் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவா. கீறல், கறை, பின்புறம் துலக்க அதைப் பாவி. கண், மூக்கு, வாயைக் கையால் செய். முடிந்ததும் மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே பிறின்ற் போடு. மூலப்படத்தை இரவு கடையில் வைக்காதே, ஸ்கான் செய்து அப்போதே கையில் கொடு.

இன்னொன்று, இதைக் கட்டாயம் மனதில் வை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு வருகிற தாய்மாருக்கு மாலை, விளக்கு, தோற்றம் மறைவு என்று நீயாக எதுவும் சேர்க்காதே. “படத்தில் ஏதும் எழுத வேணுமா அம்மா?” என்று மட்டும் கேள். பிள்ளை எங்கே என்று கேட்காதே. உதவிக்கு நிற்கிற பிள்ளைக்கும் இதை முதல் நாளே சொல்லிவை.

சாமத்திய வீட்டில் நீ பெண்பிள்ளை என்பது பெரிய பலம். தாய்மார் நம்பி உள்ளறைக்கு விடுவார்கள். அந்த நம்பிக்கைக்கு விலை இல்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் படத்தைக் கடை விளம்பரத்துக்குப் பேஸ்புக்கில் போடாதே, தகப்பன் சம்மதித்தாலும் போடாதே. காட்ட வேண்டுமென்றால் வீட்டார் சம்மதித்த பெரியவர்களின் முகப்படங்களைக் கடைக்குள் பெரிதாக அடித்து மாட்டு. ஆட்கள் பிறின்றை நேரில் பார்த்தால்தான் பிறின்ற் கேட்பார்கள்.

காசு விசயம்: பதிவு செய்யும்போது மூன்றில் ஒன்று, எடுக்கும் நாளில் மூன்றில் ஒன்று, மிச்சம் அல்பம் அச்சுக்குப் போக முன். இதை ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வையுங்கள். எத்தனை படம், எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம் என்பதும் அதிலே இருக்கட்டும். செலவை வெளிநாட்டிலிருக்கிற மாமாவோ பெரியம்மாவோ கொடுக்கிற வீடுகளில் தெரிவும் அங்கிருந்துதான் வரும், இழுபடும். படம் தெரிவுசெய்ய 30 நாள், அதற்குப் பிறகு நானே தெரிவுசெய்து அச்சுக்கு அனுப்புவேன் என்று எழுது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நெரித்து மங்கலாக்கும், அதைப் பார்த்துவிட்டு உன் வேலை சரியில்லை என்பார்கள். டொக்குமென்ராக அனுப்பு. 8×10 கேட்கிறவர்களுக்கு நெற்றிக்கு மேல் இடம் விட்டு எடு. கமராப் படம் 2:3, 8×10க்கு வெட்டும்போது நீளப்பக்கத்தில் இரண்டு அங்குலம் போகும், கொண்டைமாலையும் அதோடு போகும். பிறின்ற் இருட்டாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது உன் திரையின் பிரகாசம், பிறின்ரர் இல்லை.

இரண்டு இடத்தில் பிரதி ஏறும்வரை கார்ட்டை அழிக்காதே. ஒரு ஹார்ட் டிஸ்க் கடையில், மற்றது வீட்டில். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கினால் யூபிஎஸ்ஸையும் நம்பாமல் பிளக்கைக் கழற்று. லென்ஸைத் தோல் பையில் பூட்டிவைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். இறப்பர் மூடி உள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, சின்ன ஈரமானி ஒன்றும் வை, ஈரம் 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவும், பிரதேச சபையில் அனுமதியும் எடுக்க வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குக் குறையக்கூடாது. கரன்ட் மீற்றர் தனியாக இருக்க வேண்டும், எர்த் இருக்கிறதா என்று மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்ப்பி, கூரை ஒழுகினால் யார் திருத்துவது என்றும் எழுதுவி. கையெழுத்து வைக்க முன் பிரதியை எனக்கு அனுப்பு. கடைவாசல் அகலத்தையும் படியின் உயரத்தையும் அளந்து சொல். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்ற கணக்கில் சரிவு கட்ட வேண்டும், படி எட்டு அங்குலம் என்றால் முன்னுக்கு எட்டடி இடம் வேண்டும். வீட்டுக்காரர் அதற்கு ஒத்துக்கொள்வாரா என்று இப்போதே கேட்டுவிடு.

அன்புடன்,
அப்பா