சிறுத்தை, சேற்றுமீன், சேவல்: பெனின் சிற்பங்களைப் படிக்கும் முறை

ஆசிரியருக்கு வணக்கம்.

இன்றைய நைஜீரியாவின் தென்பகுதியில் இருந்த பழைய பெனின் அரசின் சிற்பங்கள் ஐரோப்பாவிலிருந்து நைஜீரியாவுக்குத் திரும்புவது பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை பயனுள்ளது. படங்களின் கீழே ‘விலங்கு உருவம்’, ‘மிருக வழிபாட்டுச் சிலை’ என்று பொதுவாகப் போட்டதுதான் வருத்தம். 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை பெனின் அரண்மனையைக் கொள்ளையிட்டபோது எந்தப் பொருளை எந்தப் பீடத்திலிருந்து எடுத்தார்கள் என்று பெரும்பாலும் குறித்துவைக்கவில்லை. ஆகவே, ஒரு பொருள் யாருக்கு உரியது என்று அறிய, அதிலுள்ள விலங்கே பல நேரம் நமக்குக் கிடைக்கும் முதல் தடயம்.

பெனின் அரசின் எடோ மக்களுக்குக் காட்டின் அரசன் சிறுத்தை, ஊரின் சிறுத்தை ஓபா எனப்படும் மன்னர். உயிரைப் பறிக்கும் அதிகாரம் ஓபாவுக்கு மட்டுமே இருந்தது; ஒப்புமைக்கு அதுவே காரணம். படைத்தலைவர்கள் சிறுத்தைப் பல் மாலை அணிந்திருந்தால், அந்த அதிகாரத்தில் ஒரு பங்கு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பித்தளைச் சிறுத்தைகள் சில உண்மையில் நீர்க்கலங்கள். தலையின் மேலுள்ள மூடியைத் திறந்து நீர் நிரப்புவார்கள். சாய்த்தால் மூக்குத் துளைகள் வழியாக நீர் வரும். சடங்கில் ஓபா கை கழுவுவது அதில்தான். பிரிட்டிஷ் அரச சேகரிப்பிலுள்ள தந்தச் சிறுத்தை இணையில் ஒவ்வொன்றும் ஐந்து தந்தங்களால் ஆனது. புள்ளிகள் செம்புத் தகடுகள். கொல்லப்பட்ட ஒவ்வொரு யானையின் ஒரு தந்தம் ஓபாவுக்குச் சேர வேண்டும் என்பது அங்கு முறை. பத்துத் தந்தங்களை இரண்டு உருவங்களுக்குச் செலவிட யாரால் முடிந்திருக்கும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

அதிகம் தவறாகப் படிக்கப்படுவது சேற்றுமீன். ஓபாவின் இரு கால்களும் மீன்களாகி மேல்நோக்கி வளைந்திருக்கும் உருவத்தைப் பாம்பு என்றும் கடற்கன்னி என்றும் எழுதிவிடுகிறார்கள். மீசையைப் பாருங்கள், நம் கெளுத்திக்கு இருப்பதுபோல முகத்தில் இழைகள் தெரியும். நீரிலும் கரையிலும் உயிர் தரிக்கும் மீன் என்பதால், நீர்த்தெய்வமான ஒலோகுனின் உலகுக்கும் மனிதர் உலகுக்கும் நடுவே நிற்கும் மன்னருக்கு அது அடையாளமானது. கால் செயலிழந்த ஓஹென் என்ற ஓபாவின் மரபுக் கதையையும் இவ்வுருவத்தோடு இணைத்துச் சொல்வார்கள்.

ராஜமாதா இதியாவின் தந்த முகமூடிகளில் புகழ்பெற்ற இரண்டையும் குழப்பிக்கொள்வதும் உண்டு. நெற்றிக்கு மேல் சேற்றுமீன்களும் போர்த்துகீசியர் முகங்களும் மாறி மாறி இருந்தால் அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தினுடையது. அங்கே போர்த்துகீசியர் முகங்கள் மட்டும் இருந்தால் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தினுடையது. கடல் தாண்டி வந்து பித்தளையும் செல்வமும் தந்தவர்கள் என்பதால் போர்த்துகீசியர் ஒலோகுனின் உலகோடு சேர்த்து எண்ணப்பட்டார்கள். மீனோடு அவர்கள் முகம் வருவது அதனால்தான்.

மலைப்பாம்பு ஒலோகுனின் தூதன். அரண்மனைக் கூரைக் கோபுரத்திலிருந்து தலைகீழாக இறங்குவதுபோல் அமைத்தார்கள். அவ்வளவு நீளத்தை ஒரே வார்ப்பில் எடுக்க முடியாது. பகுதி பகுதியாக வார்த்துச் சேர்த்தார்கள். இன்று கண்ணாடிப் பெட்டியில் தனித்துக் கிடக்கும் பாம்புத் தலைகள் அப்படிப் பிரிந்து வந்தவையே.

அலகில் ஏதோ கவ்வியபடி சிறகு விரித்த பறவை இருந்தால் அது கழுகு என்று முடிவுகட்ட வேண்டாம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதா என்ற அண்டை அரசோடு நடந்த போரில் தோல்வி வரும் என்று கத்திய பறவையை ஓபா எசிகியே கொல்லச் சொன்னார். வென்று திரும்பியபின் அதைப் பித்தளையில் வார்க்கச் செய்தார். விழாவில் பிரபுக்கள் அதன் அலகைக் கோலால் தட்டி ஒலி எழுப்புவார்கள். சேவலோ ராஜமாதாவின் பீடத்துக்கு உரியது. 2021 அக்டோபரில் கேம்பிரிட்ஜ் ஜீசஸ் கல்லூரி திருப்பி ஒப்படைத்ததும் அத்தகைய சேவலே.

இறந்த ஓபாக்களின் நினைவாகப் பீடத்தில் வைக்கும் உலோகத் தலைகளின் உச்சியில் உள்ள துளை சேதமல்ல. செதுக்கிய யானைத் தந்தத்தை நிறுத்துவதற்கானது. உலோகமும் பெரும்பாலும் பித்தளைதான். ‘வெண்கலம்’ வழக்கில் ஒட்டிக்கொண்ட பெயர்.

இனி இப்படங்களை வெளியிடும்போது விலங்கின் பெயரையும், அது பீடத்துக்கா, கூரைக்கா, இடுப்பில் அணிவதற்கா என்பதையும் ஒரு வரியில் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்