சிலந்திக்கடியும் விலங்குச் சோதனைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிலந்தி நஞ்சை ஊசியில் ஏற்றிய முயலின் தோல் அழுகியதைச் சுட்டிக்காட்டி, நம் பக்கத்தில் காணப்படும் ஆறாத புண்கள் பலவற்றுக்கும் சிலந்தியே காரணமாகலாம் என்ற பொருள்பட அண்மையில் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சோதனையில் குறை காண மாட்டேன். அதிலிருந்து எட்டிய முடிவுதான் அவசரமானது.

ஒரே நஞ்சு எல்லா உயிரிடத்தும் ஒன்றுபோல வேலை செய்வதில்லை. அமெரிக்கக் கண்டங்களில் மிகுதியாக உள்ள லாக்சோசெலஸ் என்னும் பழுப்புச் சிலந்தியின் நஞ்சு மனிதத் தோலையும் முயலின் தோலையும் அழுகச் செய்கிறது. சுண்டெலியின் தோலில் அத்தகைய புண் உண்டாவதில்லை. சிட்னி புனல்வலைச் சிலந்தியின் நஞ்சோ, மனிதரையும் குரங்கையும் கொல்ல வல்லதாயினும், முயலைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. அந்தத் தாங்குதிறனால்தான் ஆஸ்திரேலிய மருத்துவ ஆய்வாளர் ஸ்ட்ரூவன் சதர்லாண்டின் குழுவினரால், முயலுக்கு நஞ்சைச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் குருதியிலிருந்தே நச்சுமுறி மருந்தைத் தயாரிக்க முடிந்தது. 1981-இல் அது பயன்பாட்டுக்கு வந்தபின் அச்சிலந்தி கடித்து எவரும் இறந்ததாகப் பதிவில்லை. ஆகவே விலங்குச் சோதனையே வேண்டாம் என்பது என் வாதமன்று.

பிரேசிலில் நடந்ததையும் கருத வேண்டும். ஓநாய்ச் சிலந்தியின் நஞ்சு சோதனை விலங்குகளின் தோலை அழுகச் செய்ததால், மனிதருக்கு வரும் அழுகற்புண்களுக்கும் அதுவே காரணமென்று அங்கே நெடுங்காலம் நம்பி, அதற்கென மருந்தும் தயாரித்தார்கள். சாவோ பாவ்லோவில் அச்சிலந்தி கடித்த 515 பேரை ஆராய்ந்து 1990-இல் முடிவை வெளியிட்டபோது, வலியும் சிறு வீக்கமும் இருந்தனவேயன்றி, ஒருவருக்கும் தோல் அழுகியிருக்கவில்லை. அதே குடும்பத்துச் சிலந்திகள்தாம் தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசான பருவ நெற்பயிர்களில் புகையான் என்னும் சாறுறிஞ்சிப் பூச்சியைத் தின்று விவசாயிக்கு உதவுகின்றன என்பதையும் (கட்டுரையாளர் இதை அறியாதவராக இருக்க முடியாது) ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

எனக்குப் பெரிய கவலை வேறு. களக்காடு, பாபநாசம் போன்ற மலையடிவார ஊர்களில் காய்ச்சலோடு வருபவரின் அக்குளிலோ தொடையிடுக்கிலோ வலியில்லாத கரிய பொருக்கு ஒன்று தென்பட்டால், அது நுண்ணிய உண்ணி கடிப்பதால் வரும் உண்ணிக் காய்ச்சலின் (ஸ்க்ரப் டைபஸ்) அடையாளமாக இருக்கக்கூடும். டாக்சிசைக்ளின் மாத்திரையில் குணமாகும் அந்நோய், தாமதித்தால் உயிரையே பறித்துவிடும். பொருக்கைப் பார்த்ததும் எட்டுக்கால் பூச்சி கடித்தது என்று முடிவுகட்டி மந்திரிக்கப் போகிறவர்களுக்கு இத்தகைய கட்டுரை துணைபோய்விடக் கூடாது.

பாம்புக்கடிக்குத் தரும் நச்சுமுறி மருந்து சிலந்திக்கடிக்கு உதவாது. நமக்கென ஒரு மருந்து தேவையா என்பதையே, கடித்த சிலந்தி இன்னதென்று உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளின் விவரம் சேர்ந்த பின்புதான் சொல்ல முடியும்; எந்த விலங்கில் சோதிப்பது பொருந்தும் என்பதும் அப்போதுதான் தெளிவாகும். எனவே அரசு மருத்துவமனைகளில் சிலந்திக்கடிக்குத் தனிப் பதிவேடு வைத்து, நோயாளி கொண்டுவரும் சிலந்தியைச் சாராயத்தில் இட்டுப் பாதுகாத்து, மாவட்டத்திலுள்ள கல்லூரிகளின் விலங்கியல் துறைகளைக் கொண்டு இனங்காண ஏற்பாடு செய்யுமாறு சுகாதாரத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்,
அம்பாசமுத்திரம்.