மவுஸைப் பிழைக்க வைத்த தம்பிக்கு

சனிக்கிழமை சாயங்காலம், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. விண்ணப்பம் பாதியில் நிற்க, வயர்லெஸ் மவுஸ் செத்துப்போனது. புது பேட்டரி போட்டும் அசையவில்லை. வரிசையில் நின்ற நீங்கள், யாரும் கூப்பிடாமலே வந்து மவுஸைக் கவிழ்த்துப் பார்த்தீர்கள் தம்பி.

ஸ்விட்ச் ஆன்தான். பேட்டரி மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி. பழைய அல்கலைன் செல் கசிந்து படிந்த உப்பு அது. கரண்டை மறித்துவிடும், 1.5 வோல்ட் புது செல் போட்டும் பலனில்லை. கடைக்காரர் ஈரத்துணியை நீட்ட, தடுத்தீர்கள். டீக்கடையில் அரை எலுமிச்சை வாங்கிவந்து, பஞ்சுக்குச்சியில் இரண்டே சொட்டு. கசிந்தது காரம், புளிப்புக்குத்தான் அடங்கும் என்றீர்கள். பிறகு மெடிக்கலில் வாங்கிய ஸ்பிரிட்டால் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டு, பென்சில் ரப்பரால் தகட்டைத் தேய்த்தீர்கள்.

விளக்கு எரிந்தது. ஆனால் அம்புக்குறி திக்கித் திக்கி நகர்ந்தது. பலர் இந்த இடத்தில்தான் மவுஸைக் குப்பையில் போடுவார்கள். நீங்கள் மவுஸின் சிக்னலை வாங்க கம்ப்யூட்டரில் செருகும் குட்டி ரிசீவரைப் பார்த்தீர்கள். நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் இருந்தது, ஒட்டினாற்போல் ஹார்ட் டிஸ்க். அந்த இணைப்பு கிளப்பும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் விழும். மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ரிசீவரை மேஜைமேல் கொண்டுவந்ததும் வெண்ணெயாய் வழுக்கியது.

நிமிர்ந்து பார்ப்பதற்குள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டீர்கள். எலுமிச்சை, ஸ்பிரிட் காசு கடைக்காரரிடம் இருக்கிறது, கூடவே ஒரு டீக்கும். அந்தப் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. ரொம்ப நன்றி.