மரியா கெய்லுக்கு அரை வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்த்துகல் நாட்டில் சுவர்களில் பதிக்கும் வண்ண ஓடுகளில் தீட்டும் ஓவியங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். பழைய தேவாலயங்களின் நீல ஓடுகளுக்கு நாலு பக்கம் ஒதுக்கியது நியாயம்தான். ஆனால் மரியா கெய்லுக்குக் கிடைத்தது அரை வரி. அதிலும் கட்டடக் கலைஞர் ஒருவரின் மனைவி என்ற அளவில்தான் அறிமுகம். இருபதாம் நூற்றாண்டில் அந்தக் கலைக்குப் புத்துயிர் கொடுத்தவர்களில் முன்வரிசையில் நிற்கும் ஒருவரை இப்படிக் கடந்து போனது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

தெற்கே அல்கார்வ் பகுதியின் சில்வெஷ் ஊரில் 1914இல் பிறந்தவர். லிஸ்பன் நுண்கலைப் பள்ளியில் ஓவியம் படித்தார், படிப்பை முடிக்கவில்லை. விளம்பரப் படம், புத்தகப் படம், மேசை நாற்காலி வடிவமைப்பு என்று பல வேலை செய்தார். 1941இல் அவர் வரைந்த தன்னுருவ ஓவியத்துக்குப் பரிசும் கிடைத்தது. அந்த வழியிலேயே போயிருந்தால் கண்காட்சிக் கூடங்களில் சௌகரியமாக இருந்திருக்கலாம். அவர் போனது ஓடுகளிடம். கட்டட அலங்காரம்தானே என்று ஓவியர்கள் பலரும் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது.

1959 டிசம்பரில் லிஸ்பன் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. நிலையங்களை வடிவமைத்தவர் அவருடைய கணவர் பிரான்சிஷ்கு கெய்ல் டு அமரல். பணத்துக்கு இழுபறி, வெயிலே படாத இடத்தில் வெறும் சுவர்கள். முதலில் திறந்த பதினொரு நிலையங்களில் அவெனீடா ஒன்றைத் தவிர மற்றவற்றின் சுவர்களுக்கெல்லாம் மரியாவே ஓடு வரைந்தார். கதை சொல்லும் பெரிய சித்திரங்கள் இல்லை. சில வடிவங்களையே மாற்றி மாற்றி அடுக்கி, நீண்ட சுவர் முழுக்க ஓடவிட்டார். ஒரே அச்சு ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பதித்துப் புதுப்புதுக் கோலம் காட்டுவது போர்த்துகீசியக் கைவினைஞர்களின் பழைய வித்தை. அதை ரயிலுக்கு ஓடுகிறவர்களின் வேகத்துக்குப் பொருத்திப் பார்த்ததில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது என்பேன். 1966இல் திறந்த இன்டென்டென்ட் நிலையத்தைப் பலர் அவருடைய உச்சம் என்கிறார்கள். ஓடு சுட்ட வியூவா லமேகு தொழிற்சாலையின் பழைய கட்டடமும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது.

அவரால் மனித உருவம் வரைய முடியாமல் இல்லை. லிஸ்பனின் இன்ஃபான்டே சாந்து சாலையின் படிக்கட்டுச் சுவரில் மனித உருவங்களோடு உள்ள ‘கடல்’ என்ற ஓட்டுச் சித்திரம் அதே ஆண்டுகளில் அவர் செய்ததுதான்.

பிற்பாடு நிலையங்களை நீட்டிப் பெரிதாக்கியபோது அவர் ஓடு பதித்த சுவர்களில் சில போய்விட்டன. கேன்வாஸில் வரைந்த ஓவியம் என்றால் யாராவது கழற்றிப் பத்திரப்படுத்தியிருப்பார்கள். சுவரோடு சுவராக இருப்பதைக் கலை என்று நினைக்காத ஊரில் சம்மட்டிக்குத் தயக்கம் ஏது? 1989இல் தேசிய ஓடு அருங்காட்சியகம் அவர் ஓடுகளுக்கென்றே தனிக் கண்காட்சி வைத்தது. 2009இல் சாவ் செபஸ்தியாவ் நிலையத்தைப் புதுப்பித்தபோது மறுபடி அவருடைய ஓடுகளே சுவரேறின. அப்போது அவருக்கு வயது தொண்ணூற்றைந்தை ஒட்டி. 2012இல் காலமானார்.

வரும் இதழ்களில் ஒன்றில் அவரைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிடுங்கள். இன்டென்டென்ட் நிலையச் சுவரை வண்ணத்தில், முழுப் பக்கத்துக்குப் போடுங்கள். கறுப்பு வெள்ளையில் போட்டால் பாதி காணாமல் போய்விடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
கும்பகோணம்